ஜிஐ பைப் வெல்டிங்கும் ராத்திரிக் காய்ச்சலும்: உலோகப் புகை வெள்ளையணுக்களை என்ன செய்கிறது?

கேள்வி இதுதான். கேட்டவரின் தம்பி கேட், கிரில் செய்யும் பட்டறையில் வெல்டர். ஜிஐ பைப் வேலை வந்த நாளில் ராத்திரி குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், வாயில் செம்புக் காசைச் சப்பியது போல ஒரு சுவை. மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது. டெங்கு, மலேரியா பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. இணையத்தில் தேடியபோது, 'உலோகங்கள் நோய் எதிர்ப்புச் செல்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கி அழற்சியைத் தூண்டுகின்றன' என்ற வரி கிடைத்திருக்கிறது. கிருமியே இல்லாமல் காய்ச்சல் எப்படி வரும், அந்த வரிக்கு என்ன அர்த்தம், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் நிற்குமா என்று கேட்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களை வளர்த்து, அவற்றின் மேல் உலோகங்களைப் போட்டுப் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவன். அதனால் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நீட்டிச் சொல்கிறேன். தம்பியை ஒரு மருத்துவரிடம் காட்டுவது தனி. அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்குப் பொருந்தும் பழைய நோய் ஒன்று உண்டு: உலோகப் புகைக் காய்ச்சல். 1862இலேயே கிரீன்ஹோ என்ற ஆங்கிலேய மருத்துவர், பர்மிங்காமில் பித்தளை வார்க்கும் தொழிலாளிகளிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். ஜிஐ பைப்பில் இரும்பின் மேல் பூசியிருப்பதும் அதே துத்தநாகம்தான். இரும்பு உருக 1500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே வெல்டிங் ராடு பைப்பைத் தொட்டதும், இரும்பு இளகுவதற்கு முன்னாலேயே பூச்சு ஆவியாகக் கிளம்பி, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெள்ளைப் புகையாகிறது. வெல்டிங் முடிந்த இடத்தைச் சுற்றி சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான் துத்தநாக ஆக்சைடு. பைப்பில் படிந்தது போக மீதி மூக்குக்குள் போகிறது. இந்தத் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும்.

அந்தக் காற்றறைகளில் காவல் இருப்பவை மேக்ரோஃபேஜ்கள். தூசியோ பாக்டீரியாவோ, எது வந்து விழுந்தாலும் சுற்றி வளைத்து விழுங்குவதுதான் அவற்றின் வேலை. உலோகத்தால் எல்லாச் செல்லும்தான் பாதிக்கப்படும். ஆனாலும் நோய் எதிர்ப்புச் செல்கள் முதலில் மாட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மற்ற செல்கள் தங்கள் மேல் வந்து படிவதை மட்டும் சமாளித்தால் போதும். மேக்ரோஃபேஜ் தானே தேடிப்போய் விழுங்குகிறது. சுற்றிலும் லேசாக இருக்கும் உலோகம் அதன் வயிற்றுக்குள் அடர்த்தியாகச் சேர்ந்துவிடுகிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஆக்சிஜனை ஆயுதமாக மாற்றும் ஒரு நொதியை, என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸை, இந்தச் செல்கள் ஏராளமாக வைத்திருக்கின்றன. அது ஆக்சிஜனுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து சூப்பர்ஆக்சைடு ஆக்குகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. விழுங்கிய கிருமியைக் கொல்ல இது வேண்டும். பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாத குழந்தைகளுக்கு நாள்பட்ட கிரானுலோமா நோய் வந்து, சாதாரணக் கிருமிகளும் பூஞ்சைகளும் திரும்பத் திரும்பத் தாக்கும். 'ஃப்ரீ ரேடிக்கல் என்றாலே விஷம்' என்று விளம்பரங்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகள்தான் ஞாபகம் வருவார்கள்.

சரி, பெராக்சைடு இருக்கிறது. அங்கே உலோகம் வந்தால் என்ன ஆகும்? இரும்பை எடுத்துக்கொள்வோம். 1894இல் ஃபென்டன் என்ற வேதியியலாளர், டார்டாரிக் அமிலத்தில் பெராக்சைடோடு கொஞ்சம் இரும்பு உப்பைச் சேர்த்தால் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைவதைக் காட்டினார். இரும்பு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து பெராக்சைடை இரண்டாக உடைக்கிறது. உடைந்ததில் ஒரு துண்டுதான் ஹைட்ராக்சில் ரேடிக்கல்; ரேடிக்கல் என்றால் ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலையும் துண்டு. அது நானோவினாடிக் கணக்கில்தான் உயிரோடு இருக்கும்; பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டருக்கு மேல் நகராது; அதற்குள் பக்கத்தில் எது இருக்கிறதோ, கொழுப்போ புரதமோ டிஎன்ஏவோ, அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். எலக்ட்ரானை இழந்த இரும்பைச் சூப்பர்ஆக்சைடு பழைய நிலைக்குத் திருப்பிவிடுவதால், அதே இரும்பு அணு மறுபடியும் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் உடம்பு இரும்பை ஒருபோதும் சும்மா அலையவிடுவதில்லை. டிரான்ஸ்ஃபெரின், ஃபெரிட்டின் என்று ஏதாவது ஒரு புரதத்துக்குள் பூட்டியே வைக்கிறது. செம்பு, குரோமியம், கோபால்ட், வனேடியம் ஆகியவையும் எலக்ட்ரானை இப்படிக் கொடுத்து வாங்கக்கூடியவை.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த ஃபென்டன் கதையோடு நிறுத்திக்கொண்டு, எல்லா உலோகத்துக்கும் இதையே பொருத்திவிடுகின்றன. இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். உங்கள் தம்பியைப் படுக்க வைக்கும் துத்தநாகம் இந்த வேலையைச் செய்யவே செய்யாது. உடம்புக்குள் அது ஒரே மின்சுமையோடு நிற்கும் உலோகம். எலக்ட்ரானைக் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. காட்மியம், ஈயம், பாதரசமும் நேரடியாக ஃபென்டன் வினை செய்வதில்லை. ஆனாலும் இவை எல்லாமே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்குகின்றன. முடிவு ஒன்றுதான், வழி வேறு. எந்த வழி என்று தெரிந்தால்தான் என்ன செய்யலாம், எது வீண் என்று சொல்ல முடியும்.

துத்தநாக ஆக்சைடின் வழியைப் பார்ப்போம். மேக்ரோஃபேஜ் விழுங்கிய துகள் லைசோசோம் என்ற பைக்குள் போகிறது. உள்ளே அமிலம், பிஹெச் 5க்குப் பக்கத்தில். வெளியே தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் நன்றாகக் கரையும். செல் அதை அழிப்பதற்காகத்தான் அந்தப் பைக்குள் தள்ளுகிறது, ஆனால் நடப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட கதை. கரைந்த துத்தநாக அயனிகள் பையைச் சேதப்படுத்திக்கொண்டு வெளியே கசிகின்றன. செல்லுக்குள் துத்தநாகம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஏதாவது ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுதந்திரமாகத் திரிவது நானோமோலாருக்கும் கீழே, ஒன்றுமே இல்லாத அளவு. இப்போது அது திடீரென்று எகிறுகிறது. கால்சியம் போகும் வாசல் வழியாக, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, எலக்ட்ரான்கள் கை மாறும் சங்கிலியை நடுவில் அடைக்கிறது. முன்னே போக வழியில்லாத எலக்ட்ரான்கள் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மேல் பாய்கின்றன. அதாவது துத்தநாகம் தானே ரேடிக்கலை உண்டாக்கவில்லை. செல்லின் சொந்த இயந்திரத்தைக் கசிய வைத்திருக்கிறது. கூடவே, குளுட்டாதயோனைப் புதுப்பிக்கும் நொதியின் கந்தக முனைகளிலும் ஒட்டிக்கொண்டு அதையும் முடக்குகிறது.

குளுட்டாதயோன் பற்றி இரண்டு வார்த்தை. மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சின்ன மூலக்கூறு; நடுவில் சிஸ்டீன், அதில் ஒரு கந்தகம். செல்லுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கும். இந்த மாதிரிச் சின்ன மூலக்கூறுக்கு அது மிகப் பெரிய அளவு. பெராக்சைடைத் தண்ணீராக்கச் செலவாவதும் இதுதான், ஈயத்தையும் பாதரசத்தையும் காட்மியத்தையும் பிடித்துக் கட்டுவதும் இதுதான். இந்த உலோகங்களுக்குக் கந்தகம் என்றால் உயிர். ஆகவே ஒரு பக்கம் உலோகம் குளுட்டாதயோனைத் தின்கிறது. அதனாலேயே செல் வழக்கமாக உற்பத்தி செய்யும் பெராக்சைடைத் துடைக்க ஆள் இல்லாமல் போகிறது. வரவு கூடவில்லை, செலவுக்கு வழி அடைபட்டதால் தேங்குகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் இந்தக் கணக்கு இடறுவதுதான்.

அழுத்தம் எப்படி அழற்சியாகிறது? செல்லுக்குள் கீப்1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றத்தை முகர்ந்து பார்க்கும். வழக்கமான நேரத்தில் அது என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சிஸ்டீன்கள் மாறியதும் பிடி விடுகிறது. என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் தயாரிக்கும் மரபணுக்களையும் வேறு பல பாதுகாப்பு மரபணுக்களையும் எழுப்புகிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் விஷயம் இத்தோடு முடிந்துவிடும்; காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. அழுத்தம் இதைத் தாண்டினால், அழற்சி மரபணுக்களை எழுப்பும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அதுவும் ஒரு தடுப்புப் புரதத்தின் பிடியில் உட்கருவுக்கு வெளியே கிடப்பதுதான். அந்தத் தடுப்பு அழிக்கப்பட்டதும் உட்கருவுக்குப் போய் டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-8 ஆகிய அழற்சிச் செய்திகளை எழுத வைக்கிறது. இன்னும் மிஞ்சினால் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வே ஓட்டையாகி, செல் சாகிறது. நடைமுறையில் இந்த மூன்று கட்டத்துக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை கிடையாது. ஒரே தட்டில் வளரும் செல்களில் ஒன்று சமாளித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் உள்ளது செத்துக் கிடக்கும்.

இன்னொரு பாதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துகள் விஷயத்தில் அதுதான் வேடிக்கையானது. என்எல்ஆர்பி3 என்ற புரதம். லைசோசோம் கிழிவது, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவது, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ரேடிக்கல் கசிவது ஆகியவை அதை எழுப்பும். எழுந்ததும் பல புரதங்களைக் கூட்டி இன்ஃப்ளமசோம் என்ற பெரிய அமைப்பாகக் கட்டுகிறது. அது ஐஎல்-1 பீட்டா என்ற இன்னொரு அழற்சிச் செய்தியைச் செதுக்கி வெளியே விடுகிறது. கூடவே செல் வெடித்தும் சாகிறது. கவுட் என்ற மூட்டு வாதத்தில் யூரிக் அமிலப் படிகம் இதே வழியில் வலி உண்டாக்குகிறது என்று 2006இல் தெரிந்தது. கல் தூசியும் ஆஸ்பெஸ்டாஸும் இதே வழியில் என்று 2008இல். தடுப்பூசிகளில் சேர்க்கும் அலுமினிய உப்பும் என்எல்ஆர்பி3ஐ எழுப்பக்கூடியதுதான். 1930களிலிருந்து நாம் அந்த லேசான, ஓரிடத்து அழற்சியை நன்மைக்காகப் பயன்படுத்தி வருகிறோம். அதை வைத்துத் தடுப்பூசி பயம் கிளப்புகிறவர்களுக்கு இங்கே தீனி எதுவும் இல்லை. ஊசி போட்ட கை ஒரு நாள் வலிப்பது வேறு, நாள் முழுக்கப் புகை இழுப்பது வேறு.

சரி, இதெல்லாம் தட்டில் வளர்த்த செல்லில் நடப்பது. மனிதரில் யாராவது பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பால் பிளாங்க் என்ற மருத்துவரின் குழு, தானே முன்வந்தவர்களைத் துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்யச் சொல்லி, வெவ்வேறு நேரங்களில் அவர்களுடைய நுரையீரலை உப்புநீரால் கழுவி எடுத்துப் பார்த்தது. மூன்று மணி நேரத்தில் டிஎன்எஃப் ஏறியிருந்தது. ஐஎல்-8உம் ஐஎல்-6உம் அதற்குப் பின்னால் ஏறின. 22 மணி நேரத்தில் எடுத்த நீரில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் குவிந்திருந்தன. எவ்வளவு புகை இழுத்தார்களோ அந்த அளவுக்கு நியூட்ரோஃபில்கள் கூடியிருந்தன. ஒரு கிருமியும் இல்லை.

தம்பி வேலை செய்யும்போது நன்றாக இருந்து ராத்திரி நடுங்குவது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. புகை உள்ளே போனதும் காய்ச்சல் வருவதில்லை. மேக்ரோஃபேஜ் விழுங்கி, கரைத்து, அழுத்தத்துக்கு ஆளாகி, மரபணுவை எழுப்பி, புரதம் தயாரித்து, அது ரத்தத்தில் ஏறி மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போய், அங்கே புரோஸ்டாகிளாண்டின் உண்டாகி உடம்பின் சூட்டு அளவை ஏற்றி வைக்க வேண்டும். இதற்கு நாலு மணி முதல் பத்து மணி நேரம் ஆகிறது. கிருமிக் காய்ச்சலின் கடைசிக் கட்டமும் இதே பாதைதான். ஆரம்பித்து வைத்தது மட்டும் வேறு. இங்கே மருத்துவருக்கு உதவும் ஒரு விஷயம்: உலோகப் புகைக் காய்ச்சலில் ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை கூடியிருக்கும். டெங்குவில் வழக்கமாகக் குறையும். தம்பியின் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் டிசி (TC, அதாவது மொத்த வெள்ளையணு எண்ணிக்கை) என்று போட்டிருக்கும் எண்ணை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், திங்கட்கிழமை. இந்தக் காய்ச்சலுக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே ஒரு பெயர் உண்டு. தொடர்ந்து நாலைந்து நாள் அதே வேலை செய்தால் வார நடுவில் காய்ச்சல் மங்கிவிடும். ஞாயிறு லீவு முடிந்து மறுபடி வந்தால் திங்கள் ராத்திரி முதலிலிருந்து ஆரம்பிக்கும். செல்கள் சும்மா இருப்பதில்லை. உலோகத்தைக் கண்டதும் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தை நிறையத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. 1957இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த புரதம் இது. அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு சிஸ்டீன். துத்தநாகத்தையும் காட்மியத்தையும் அப்படியே அள்ளிப் பிடிக்கும். பழகிப்போவதற்கு இது ஒரு காரணம். புகை நின்றால் அதன் அளவும் இறங்கிவிடும். இதை வைத்து 'உடம்பு பழகிடுச்சு, இனி ஒன்றும் ஆகாது' என்று பட்டறைகளில் சொல்வார்கள். காய்ச்சல் வருவது மட்டும்தான் பழகுகிறது.

மற்ற உலோகங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங்கில் வருவது ஆறு இணைதிறன் குரோமியம். உருவத்தில் சல்ஃபேட் மாதிரி இருப்பதால், சல்ஃபேட் போகும் வாசல் வழியாகவே செல்லுக்குள் நுழைந்துவிடும். உள்ளே வைட்டமின் சியும் குளுட்டாதயோனும் அதைப் படிப்படியாகக் குறைத்து மூன்று இணைதிறனுக்குக் கொண்டுவருகின்றன. இந்த நடுப் படிகளில்தான் ரேடிக்கல்கள் பிறக்கின்றன, மிஞ்சும் குரோமியம் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. இங்கே ஆன்டிஆக்சிடன்டே குற்றத்தில் கூட்டாளி என்பதைக் கவனியுங்கள். ஈயம், ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமைத் தயாரிக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. அதனால் தேங்கும் அமினோலெவுலினிக் அமிலம் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ரேடிக்கல் விடுகிறது. காட்மியம், செல்லுக்குள் பூட்டி வைத்திருக்கும் இரும்பையும் செம்பையும் இடம் பெயர்த்துவிட்டு, ஃபென்டன் வேலையை அவற்றைச் செய்ய வைக்கிறது.

நிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாவது, ஜீன்ஸ் பட்டன் படும் தொப்புள் பக்கத்தில் அரிப்பது ஆகியவை பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. இதில் நெடுநாளாக ஒரு புதிர் இருந்தது: எலிகளுக்கு நிக்கல் ஒவ்வாமையை வரவழைப்பது பெரும்பாடு, பாக்டீரியாப் பொருள் ஏதாவது சேர்த்துக் கொடுத்தால்தான் வரும். 2010இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். பாக்டீரியாவின் மேலுறையை அடையாளம் காண மேக்ரோஃபேஜிலும் அதன் உறவுக்காரச் செல்களிலும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பி உண்டு. மனித டிஎல்ஆர்4இல் 456ஆவது, 458ஆவது இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நிக்கல் அயனி அங்கே வந்து ஒட்டி, பாக்டீரியா வந்துவிட்டது என்று செல்லை ஏமாற்றுகிறது. எலியின் டிஎல்ஆர்4இல் அந்த இரண்டு இடத்திலும் ஹிஸ்டிடின் கிடையாது. ஆக, நிக்கல் விஷயத்தில் முதலில் ஆக்சிஜனேற்றம், அப்புறம் அழற்சி என்ற வரிசையே கிடையாது. ஏற்பி வழியாகவே அழற்சி கிளம்புகிறது. கிளம்பிய அழற்சி ரேடிக்கலை உண்டாக்குகிறது. அது மேலும் அழற்சியை வளர்க்கிறது. நீங்கள் படித்த வரி இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

இப்படி ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பவர் என்றால் இரண்டு இடங்களில் உஷாராக இருங்கள். செல்லில் ரேடிக்கலை அளக்க டிசிஎஃப் என்ற சாயத்தைப் போடுவோம். ஆக்சிஜனேற்றம் ஆனால் பச்சையாக ஒளிரும். பார்க்க அழகாக இருக்கும், எங்கள் வேலையில் மிகவும் பிரபலம். ஆனால் இரும்பும் செம்பும் செல்லின் உதவியே இல்லாமல் அந்தச் சாயத்தின் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும். செல் இல்லாத வெறும் தட்டுக் குழியில் உலோகத்தையும் சாயத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள்; இல்லையென்றால் அந்தப் பச்சையை நம்ப வேண்டாம். இரண்டாவது, உலோகத் தூளில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா மேலுறை நச்சு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கலாம். மேக்ரோஃபேஜுக்கு அதில் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் இருந்தாலே போதும், டிஎன்எஃப் கொட்டும். எண்டோடாக்சின் பரிசோதனை செய்யாமல் 'இந்த உலோகம் அழற்சி உண்டாக்குகிறது' என்று எழுதிய கட்டுரைகள் நிறைய உலவுகின்றன.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைச் செல்லுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு உலோகத்தைப் போட்டால், பாதிப்பு நன்றாகவே குறையும். நானே எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் நாங்கள் அதைப் போடுவது மில்லிமோலார் கணக்கில். வாயால் சாப்பிடும் மாத்திரையால் ரத்தத்தில் அந்த அளவு கிட்டவே வராது. அதோடு, நுரையீரலில் கிருமியைக் கொல்ல ரேடிக்கல் வேண்டும் என்று மேலே சொன்னேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் அதுவும் போய்விடும். பெரிய அளவில் மனிதர்களிடம் சோதித்ததில் கிடைத்த பாடமும் உற்சாகம் தருவதாக இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களுக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. அது வெல்டர்களிடம் செய்த ஆய்வு இல்லை. ஆனாலும் புகை போய்க்கொண்டிருக்கும் நுரையீரலுக்கு மாத்திரையால் மட்டும் காப்பு கட்டலாம் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. ஆகவே காசை அதில் போட வேண்டாம். புகைக்கு மருந்து என்று நினைத்துக் கொடுக்கும் பாலும் வாழைப்பழமும் அப்படியே. பட்டறையில் கொடுத்தால் சாப்பிடட்டும், நல்ல சாப்பாடுதான். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு.

செய்ய வேண்டியது பட்டறையில்தான் இருக்கிறது. பற்ற வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சில சென்டிமீட்டர் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு வேலை செய்தால் வெள்ளைப் புகை பெருமளவு குறையும் (கிரைண்டர் தூசிக்கும் மாஸ்க் வேண்டும்). குனிந்து புகைக்கு நேர் மேலே முகத்தை வைத்து வேலை செய்வது பெரிய தப்பு. காற்று பக்கவாட்டில் போகிற மாதிரி நின்றுகொள்ள வேண்டும். புகையை உண்டாகிற இடத்திலேயே இழுக்கும் ஃபேன் இருந்தால் எல்லாவற்றிலும் நல்லது. மூலையில் ஓடும் டேபிள் ஃபேன் புகையைப் பட்டறை முழுக்கப் பரப்பும், அவ்வளவுதான். மூக்கில் கட்டும் கைத்துண்டு இந்தத் துகளுக்குத் தடையே இல்லை. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95ஆவது வேண்டும். சட்டத்தில் துத்தநாகப் புகைக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்று எல்லை இருக்கிறது. அந்த 5 மில்லிகிராமில் இரண்டு மணி நேரம் இருந்தவர்களுக்கே உடல் சூடும் ஐஎல்-6உம் ஏறியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதனால் மீட்டர் வைத்து அளந்து எல்லைக்குள் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் தம்பியின் காய்ச்சல் பொய்யாகிவிடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காட்மியம் பூசிய போல்ட், நட்டுகளையோ காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றாசையோ சூடாக்கும்போது வரும் புகையும் முதல் சில மணி நேரம் இதே மாதிரிதான் இருக்கும்: காய்ச்சல், நடுக்கம், வாயில் சுவை. ஆனால் அது மறுநாள் இறங்காது. மூச்சு முட்ட ஆரம்பித்து நுரையீரலில் நீர் கோக்கும், உயிரே போகலாம். எனவே 24 மணி நேரம் கழித்தும் குறையாமல் மூச்சுத்திணறல் கூடினால், 'வழக்கமாக வரும் காய்ச்சல்தான்' என்று வீட்டில் வைத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன உலோகம், என்ன ராடு என்பதையும் சொல்ல வேண்டும்; முடிந்தால் ராடு பாக்கெட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

காய்ச்சல் இல்லாத நாட்களிலும் புகை சும்மா இருப்பதில்லை. வெல்டர்களுக்கு நிமோனியா மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, கடுமையாகவும் வருகிறது. ஓயாமல் எரிச்சலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் கிருமி வரும்போது சரியாக விழுங்குவதில்லை; அழுத்தத்துக்கு ஆளான மூச்சுக்குழல் செல்களில் நியூமோகாக்கஸ் என்ற நிமோனியாக் கிருமி பிடித்துக்கொள்ளும் ஏற்பி அதிகமாகிறது; புகையில் வரும் இரும்பு பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இதனால்தான் பிரிட்டனில் வெல்டர்களுக்கு நியூமோகாக்கல் தடுப்பூசி பரிந்துரைக்கிறார்கள். தம்பிக்கும் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெல்டிங் புகையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. புகையோடு பீடி, சிகரெட்டும் இருந்தால் அதை நிறுத்துவது எந்த மாத்திரையையும்விட மேல். சிகரெட் புகையிலேயே காட்மியம் இருக்கிறது.

கடைசியாக, லேப்களில் விற்கும் 'ஹெவி மெட்டல் பேக்கேஜ்' எடுக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் துத்தநாகம் பார்ப்பது உதவாது. வேலைக்கும் காய்ச்சலுக்கும் இடையில் உள்ள மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு அதைவிட உதவும். தம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெல்டிங் செய்கிறார் என்றால் வேறு கதை: அப்போது வாரக் கடைசி நாள் ஷிஃப்ட் முடிந்ததும் எடுத்த சிறுநீரில் குரோமியம் பார்ப்பது பயனுள்ள பரிசோதனை. திங்கட்கிழமை காலையில் எடுத்த மாதிரி அதற்கு ஆகாது.